மன்றும் நகர்மன்றமும்: தூத்துக்குடிக் கரையிற் பொதுவெளியின் வரலாறு

மன்று என்னும் சொல் தமிழில் இருபொருள் தந்து நிற்பது. ஊர் நடுவே மரநிழலோடு கூடிய வெளியிடம் ஒன்று. அவ்விடத்துக் கூடி வழக்கும் ஊர்க்காரியமும் ஆராய்வோர் அவை மற்றொன்று. சங்கச் செய்யுட்களில் முதற்பொருளே மிகுதியும் பயில்கின்றது. மன்றத்து நின்ற வேம்பையும் பலவையும், மாலையில் ஆநிரை வந்தடையும் மன்றத்தையும் புலவர் பலவிடத்தும் சுட்டுவர். அவை என்னும் பொருள் இடத்தினின்று பின்னர்க் கிளைத்தது என்பது எம் கருத்து. கூடும் இடத்தின் பெயர் கூடுவோர்க்கு ஆகி வந்தது. இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். இன்று நகர்மன்றம் என நாம் வழங்குங்கால் அவை மட்டுமே நினைவிற்கு வருகின்றது, வெளி வருவதில்லை. இச்சொல்லிற்கு நேர்ந்தது ஊர்க்கும் நேர்ந்ததோ என வினவி, தூத்துக்குடி நகரையும் அதனை அடுத்த முத்துக்குளித்துறைக் கரையையும் இடமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாண்டி நாட்டின் பழைய ஊராட்சிச் சான்றுகளுள் தலையாயது மானூர்க் கல்வெட்டு. திருநெல்வேலிக்கு வடக்கேயுள்ள அவ்வூரில் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தில், மகாசபையார் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட முறைகளை அது கூறுகின்றது. அவையிற் கலந்து பேசுதலை அது மன்றாடுதல் என்று சுட்டுவது நோக்கத்தக்கது. இன்று இரந்து வேண்டுதலைக் குறிக்கும் இச்சொல், அன்று உரிமையோடு அவையில் உரையாடுதலைக் குறித்தது. எக்காரியத்தைக் கொணரினும் ‘அன்று, அன்று’ எனத் தடை கூறுவார்க்கு ஐந்து காசு தண்டம் என்பதும் அக்கல்வெட்டுச் செய்தியே. இக்கால அவைகளை நினைப்பார்க்கு இவ்விதி முறுவல் தருதலும் கூடும்.

சோழ நாட்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் இரண்டும் (கி.பி. 919, 921) யாவரும் அறிந்தவை. அவற்றுள் குடவோலை முறை பற்றிய பகுதியையே ஆராய்ச்சியாளர் பெரிதும் எடுத்துரைப்பர். தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் என வகுக்கப்பெற்றதும், அவ்விரு வாரியங்களிலும் முன்னர்ப் பணிசெய்து பழகியோர்க்குச் சம்வத்சர வாரியத்தில் இடம் அளிக்கப்பெற்றதும் அத்துணை கவனத்தைப் பெறவில்லை. நீரும் மரமும் காத்துப் பழகியவனே ஊர்ப் பொதுக்காரியத்திற்கு உரியவன் எனக் கருதிய ஓர் அவையை இங்கே காண்கின்றோம்.

சோழர் நிலக்கொடைச் சாசனங்கள் ஊர் எல்லைக்குட்பட்டவற்றை அடுக்கிச் சொல்லுங்கால் மனை, மனைப்படப்பை என்பவற்றை அடுத்து மன்று, கன்று மேய்பாழ் என்பவற்றையும் பெயர் குறித்தே கூறும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களோ, வரி கணக்கிடுமுன் நத்தம், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றை நீக்கி எஞ்சியதையே விளைநிலமாகக் கொள்ளும். ஊர்க்குப் பொதுவான வெளி வருவாய் தாராதாயினும் கணக்கினின்று மறையவில்லை. அளந்து, பெயரிட்டு, நீக்கப்பெற்றது. ஆயின் இவற்றைக் கொண்டு இக்கால நகரமைப்பு முறைகள் யாவும் பண்டே நம்மிடம் இருந்தன என முழங்குவார் கூற்றை யாம் ஏற்கமாட்டோம். அதே கல்வெட்டுக்கள் பறைச்சேரியையும் கம்மாணச்சேரியையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகின்றன. ஊரை வகுத்தவர் பயனால் மட்டும் வகுத்தாரல்லர், பிறப்பாலும் வகுத்தார். மன்று பொது என்னும்போது எவர்க்குப் பொது என்னும் வினாவும் உடனெழுதல் வேண்டும்.

கடற்கரைப் பட்டினத்திற்குச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையிற் சான்று உண்டு. புகார் நகரம் கடலை அடுத்த மருவூர்ப்பாக்கம், உள்நின்ற பட்டினப்பாக்கம் என இரு கூறாகும். வணிகரும் யவனரும் கைவினையாளரும் முன்னதில் உறைய, அரச வீதியும் பெருமக்கள் இருக்கையும் பின்னதில் அமைந்தன. இரண்டற்கும் இடையே சோலைமரங்களே தூணாக நின்ற நாளங்காடி இருந்தது. இரு பகுதியினரும் வந்து கலக்கும் அவ்விடைவெளி இன்றேல் புகார் இரண்டு ஊராகப் பிரிந்திருக்கும்.

இனித் தென்கரைக்கு வருவோம். கொற்கை, காயல், புன்னைக்காயல், தூத்துக்குடி எனத் துறைமுகம் காலந்தோறும் இடம் பெயர்ந்தது. பொருநை கொணர்ந்த மணல் கடலைப் பின்தள்ளியதே இதற்குக் காரணம் என்பதைக் கொற்கையை அகழ்ந்து நோக்கிய கால்டுவெல் 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் விளக்கியுள்ளார். இக்கரையிற் பொதுவெளி என்பது பெரும்பாலும் கடற்கரை மணலே. வலை உலர்த்தவும், வள்ளம் ஏற்றவும், மீன் பகுக்கவும், வழக்குப் பேசவும் அதுவே களம். பரதவர் ஊர்களுக்கு மன்று வேறு, கரை வேறு அன்று.

அம்மணலில் ஒரு நகரமே எழுந்து மறையும் காலமும் உண்டு. முத்துக்குளிப்பைச் சலாபம் என்பது இக்கரை வழக்கு. பார்களில் சிப்பி முதிர்ந்தது என ஆய்ந்து தெளிந்த பின்னரே சலாபம் அறிவிக்கப்படும். அறிவித்த சில நாட்களில் குளியாளரும், கயிறு பிடிக்கும் மண்டாக்களும், வணிகரும், முத்துத் துளைப்போரும், கடை வைப்போரும் வந்து குழுமுவர். இலங்கையின் மறிச்சுக்கட்டியில் 1905இல் கூடிய முகாம் பல்லாயிரவர் உறைந்த பட்டினமாயிற்று. இம்முகாம்கள் மனம் போனவாறு அமைந்தவையல்ல. சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, பின் கழுவி முத்தெடுத்தல் பழைய முறை. அதன் நாற்றமும் ஈயும் பொறுத்தற்கரியன. வாந்திபேதியோ ஆண்டுதோறும் அஞ்சப்பட்ட எமன். ஆதலின் சிப்பி அழுகும் கொட்டுக்கள் உறைவிடத்தை விட்டு விலக வைக்கப்பெற்றன. தெருக்கள் கயிறு பிடித்து நேராக இடப்பட்டன. குடிநீர்க்கும் மருத்துவமனைக்கும் ஏலக்கொட்டகைக்கும் தனித்தனி இடம் வகுக்கப்பெற்றது. நாற்றத் தொழில் ஓரிடம், உறக்கம் வேறிடம், நடுவே வெளி: நிலப்பயன் வரையறை என இக்காலத்தார் கூறுவதன் சாரம் இதனுள் அடங்கிற்று. சலாபம் முடிந்ததும் கூரை கீற்றாகிப் போக, கரை மீண்டும் கரையாகும். நிலம் எவர்க்கும் உரிமையாக எழுதப்பெறவில்லை.

தூத்துக்குடிப் பார்களில் இறுதிச் சலாபம் 1961இல் நிகழ்ந்தது. அதன்பின் குளிப்பதற்கு உரிய அளவில் சிப்பி விளையவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது அறிவியல் வெற்றியே. ஆயினும் அதற்குக் கரை மணல் வேண்டியதில்லை. சலாபத்தின் பொருட்டேனும் கரையை வெறுமையாக வைத்திருந்த காரணம் அவ்வாண்டோடு நீங்கிற்று.

தூத்துக்குடி நகராண்மைக் கழகம் 1866இல் தோன்றியது. அன்று நகரம் வெற்று நிலமன்று. 1532 முதல் போர்த்துக்கேயரும், 1658 முதல் ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலேயரும் கரையின் நல்லிடங்களைத் தத்தம் பண்டகசாலைக்கும் கோட்டைக்கும் கொண்டனர். பனிமய மாதா கோயில் 1713இலும், ஒல்லாந்தர் எடுத்த திருத்துவ ஆலயம் 1750இலும் எழுந்தவை. கழகம் தோன்றிப் பத்தாண்டு நிரம்பியபோது, 1876இல், இருப்புப்பாதை கடல்வரை வந்து சேர்ந்தது. பஞ்சுக் கிட்டங்கிகளும் ஆலைகளும் அதனைத் தொடர்ந்தன. நகரைச் சூழ்ந்த தாழ்நிலமோ உப்பளம். ஆகவே நகரத்தார் கண்ணிற்குத் திறந்த வெளியாகத் தோன்றியவற்றுட் பெரும்பகுதி கழகத்தின் ஆணைக்கு உட்பட்டதன்று. கடல்முகம் துறைமுகத்தாரது, நடுநிலம் இருப்புப்பாதையாரது, புறநிலம் உப்பளத்தாரது. பிற்காலத்தில் 1974 சூலை 11இல் புதிய துறைமுகம் திறக்கப்பெற்றுப் பெருந்துறைமுகங்களுள் ஒன்றானபோது இப்பிரிவு இன்னும் உறுதியாயிற்று. மன்று முன்னர்த் தோன்றி அவை பின்னர்த் தோன்றியது பண்டை முறை. இங்கே அவை தோன்றிய அன்றே மன்று பிறர் கையில் இருந்தது.

கழகம் வாளாவிருந்தது என இதனாற் கொள்ளற்க. குரூஸ் பர்னாந்து அவர்கள் தலைமையில் வல்லநாட்டிலிருந்து தாமிரவருணி நீர் 1927இல் நகர்க்கு வந்து சேர்ந்தது. உவர்நிலத்தில் வாழ்ந்து குடிநீர்க்கு அல்லற்பட்ட மக்கள் அவரை நகரின் தந்தை எனப் போற்றுவது இயல்பே. தன் எல்லைக்கு வெளியே நெடுந்தொலை சென்று நீர் கொணர வல்ல அவை, தன் எல்லைக்குள் ஒரு வெளியைக் காக்க இயலாது நின்றது ஏன் எனும் வினாவிற்கு விடை அதன் ஊக்கத்திலன்று, உரிமையில் உள்ளது.

அவ்வுரிமையைச் சட்டம் எவ்வளவு தந்தது எனப் பார்ப்போம். நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிசு 1914இல் இந்தியாவிற்கு வந்தபோது அவர்தம் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பல் எம்டனால் மூழ்கடிக்கப்பெற்றது. புதிதாகத் திரட்டிய பொருள்களைக் கொண்டு 1915 சனவரியில் சென்னைப் பல்கலைக் கழக மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. பழைய ஊரை இடித்து நேராக்குதலினும் அதன் குளத்தையும் கோயில்வெளியையும் காத்துத் திருத்துதலே சிறந்தது என்பது அவர் கொள்கை. சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் 1920இல் வந்தது. திட்டம் வகுக்கத் தீர்மானிக்கும் உரிமையை அது நகராண்மைக் கழகங்களுக்கே அளித்தது. ஒப்புதல் மட்டும் அரசினது. உரிமை தந்த அச்சட்டம் நிலம் வாங்கப் பொருள் தரவில்லை.

பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளி ஆகியவற்றைக் காக்கவென்றே 1959இல் சென்னைச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குட்பட்ட அத்தகைய இடங்களைப் பட்டியலிட்டு அரசிற்கு அனுப்புதல் வேண்டும். பட்டியலிற் சேர்ந்ததை அரசின் முன்னிசைவின்றி வேறு பயனுக்குத் திருப்புதல் ஆகாது. இதன் உயிர் பட்டியலில் உள்ளது. எழுதப்பெறாத வெளிக்கு இச்சட்டம் அரணாகாது. இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சட்டம் ஆளில்லாது வெறிதே கிடக்கும் நிலத்தையும் திறந்தவெளியாகவே கொண்டது. அதே ஆங்கிலேயர் இங்கே நடத்திய வருவாய்க் கணக்கிலோ அத்தகைய நிலம் புறம்போக்கு, அஃதாவது கணக்கிற்குப் புறம்பாகப் போனது. தமக்குத் திறந்தவெளி, நமக்குப் புறம்போக்கு! சோழர் கணக்கர் பெயரிட்டு நீக்கிய மன்று இங்ஙனம் பெயரிழந்து கேட்பார்க்குக் கொடுக்கும் நிலமாயிற்று.

1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் முழுமைத் திட்டத்தையும் விரிவான வளர்ச்சித் திட்டத்தையும் வகுத்தது. குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என நிலம் பயன்வழிப் பகுக்கப்படும். பொதுக்காரியத்திற்கென ஒதுக்கிய நிலத்தை மூன்றாண்டுக்குள் கையகப்படுத்தத் தொடங்காவிடின் அஃது ஒதுக்கீட்டினின்று விடுபடும் என்பது அச்சட்டத்தின் 38ஆம் பிரிவு. நிலவுடையானை முடிவின்றிக் கட்டி வைத்தல் அறமன்று ஆதலின் இப்பிரிவிற்கு நியாயம் உண்டு. விளைவோ வேறு. வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டிய பூங்கா, கழகத்திடம் பொருளின்மையால் மூன்றாண்டு கழித்து மனையாகி விடுகின்றது. மனைப்பிரிவுகளில் பத்திலொரு பங்கு வெளி விடல் வேண்டும் என்னும் விதி இதனினும் பயன் தந்தது என்பது எம் மதிப்பீடு. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி 3,000 சதுர மீட்டர் முதல் 10,000 சதுர மீட்டர் வரை நிலத்திற்கு ஈடாகப் பணம் கட்டவும் இடமுண்டு. அதற்கு மேற்பட்டால் நிலத்தையே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்தல் கட்டாயம். இங்கே கழகம் விலை கொடுக்க வேண்டியதில்லை. பணம் கட்டும் வாயிலோ நன்றன்று. பணம் ஓரிடத்திற் சேரும். தெருவிற் சிறுவர்க்கு வெளி கிடையாது. பெங்களூரில் பூங்காவென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்ததை உச்ச நீதிமன்றம் 1991இல் செல்லாதென்றது. மருத்துவமனை நற்செயலே ஆயினும் அதன்பொருட்டும் பூங்காவைக் கொடுத்தல் ஆகாது என்ற அத்தீர்ப்பை நகர்மன்றங்கள் அறிந்திருத்தல் நலம்.

வரையறையின் வன்மையும் மென்மையும் தூத்துக்குடியில் நன்கு புலப்பட்ட இடம் மீளவிட்டான். அன்று நகராண்மைக் கழகத்தின் எல்லைக்கு வெளியே இருந்த அவ்வூரில், அரசின் தொழிற்பேட்டையில், ஸ்டெர்லைட் நிறுவனத்தின் செம்பு உருக்காலைக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1994இல் தடையின்மைச் சான்று அளித்தது. ஆலையைச் சூழ 250 மீட்டர் அகலத்தில் பசுமை வளையம் அமைத்தல் வேண்டும் என்பதும், மன்னார் வளைகுடாவின் காப்பிடத்தினின்று 25 கிலோமீட்டர் விலகி நிற்றல் வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகள். நிறுவனம் வேண்டிக்கொள்ள, அதே ஆண்டில் வளையம் 25 மீட்டராகக் குறைக்கப்பெற்றது. ஒரு சுழி நீங்கிற்று. பத்தில் ஒன்பது பங்கு வெளி நீங்கிற்று. வளைகுடாவினின்று ஆலையின் தொலைவு 14 கிலோமீட்டரே எனத் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1998இல் குறித்தது.

இவ்வெண்களின் பின்வரலாறு நீண்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2010 செப்டம்பரில் ஆலையை மூட ஆணையிட்டபோது வளையக் குறைப்பையும் ஒரு குற்றமாக எடுத்துக்காட்டியது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்பிரல் 2இல் அவ்வாணையை நீக்கியது. வளையத்தின் அகலம் வாரியம் தீர்மானிக்கத்தக்கது எனக் கொண்டு அதில் தலையிடவில்லை. ஆயினும் மாசுபடுத்தியமைக்காக 100 கோடி ரூபாய் கட்டப் பணித்தது. 2018 மே 22இல் ஆலையை எதிர்த்து எழுந்த போராட்டத்தின்போது காவலர் சுட்டதில் 13 பேர் உயிர் நீத்தனர். மே 28இல் அரசு ஆலையை நிலையாக மூட ஆணையிட்டது. உயர்நீதிமன்றம் 2020 ஆகத்து 18இல் அம்முடிவை ஏற்றது. பசுமை வளையக் குறைபாடு அத்தீர்ப்பிலும் விரிவாக ஆராயப்பெற்றது. நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29இல் தள்ளிற்று.

ஆலையின் நன்மை தீமைகளை எடையிடல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வரலாற்று மாணவர் நோக்கவேண்டியது, 250 என்பதை 25 ஆக்கிய தீர்மானம் எந்த அவையில் நிகழ்ந்தது என்பதே. அந்நிலத்தில் வாழ்வோர் அமர்ந்த மன்றில் அன்று, கடிதப் போக்குவரத்தில். கொட்டுக்கும் உறைவிடத்திற்கும் நடுவே எவ்வளவு வெளி விடலாம் என்பதைச் சலாப முகாமில் அதிகாரிகளே வகுத்தனர் ஆயினும், தவறினால் நாற்றம் அவர்தம் கொட்டகைக்கும் வந்தது. மீளவிட்டான் வளையத்தைக் குறைத்த மேசைக்கு அந்தக் காற்று எட்டாது.

கடலுக்குள்ளும் ஒரு வரையறை உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயின. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. தூத்துக்குடியை அடுத்தவை வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என்பன. சல்லி என்பது உடைந்த சிறுகல். பவளப்பாறைத் துண்டுகள் ஒதுங்கிய இடங்கள் ஆதலின் இப்பெயர் பெற்றன போலும். அப்பாறைகளை வெட்டிக் கல்லாகவும் சுட்டுச் சுண்ணாம்பாகவும் கரை நகரங்கள் நெடுங்காலம் கட்டடம் எழுப்பின. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பெற்றது. விலாங்குச்சல்லி இன்று நீருள் ஆழ்ந்துவிட்டது. வான் தீவு பெரிதும் சுருங்கியது. கரையில் கட்டட உரிமம் வழங்கிய எந்த அவையும் அக்கட்டடத்தின் கல் எங்கிருந்து வருகின்றது என வினவியதாக விதிகளிற் காணவில்லை. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 1991இல் வந்தபின், உயர் அலைக்கோட்டினின்று 500 மீட்டர் வரை கரைக்குத் தனி வரையறை ஏற்பட்டது. பரதவர் நெடுநாள் வழக்கால் காத்த வெளி முதன்முறையாக அப்போதுதான் சட்டத்தின் ஏட்டில் ஏறிற்று.

தூத்துக்குடி 2008 ஆகத்து 5இல் மாநகராட்சியாயிற்று. அடுத்திருந்த ஊராட்சிகள் இணைய, ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 90 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஊர்களோடு அவற்றின் மேய்க்காற் புறம்போக்கும் களமும் மயானமும் ஓடையும் நகர்மன்றத்தின் எல்லைக்குள் வந்தன. நூற்றைம்பது ஆண்டு வெளியின்றி இருந்த அவைக்கு வெளி வந்து வாய்த்தது என்றே கூறலாம். அவற்றை அளந்து, பெயரிட்டு, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிப் பட்டியலில் ஏற்றுதல் மன்றத்தின் கையில் உள்ள செயல்; அதற்குக் கையகப்படுத்தும் பொருளும் வேண்டா. 2023 திசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர் மழை பெய்தபோது, பக்கிள் ஓடை கொள்ளாத நீர் தூத்துக்குடித் தெருக்களிற் பல நாள் தேங்கி நின்றது. தாழ்ந்த வெளி எங்கெங்கே இருந்தது என்பதை அந்நீர் வீடுகளுக்கிடையே காட்டிற்று.